பாரிஸ் போன வசந்தாவுக்குப் பெரட்டு

தோட்டத்து நிலையாணை, பெரட்டு பற்றிய பகுதி, முதல் உட்பிரிவு: பெயர் கூப்பிடப்பட்டால் அந்தப் பெயருக்கு உரியவர் தம் சொந்த வாயால் 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும்; ஒருவருக்காக இன்னொருவர் குரல் கொடுக்கக் கூடாது. இரண்டாவது உட்பிரிவு: தொடர்ந்து மூன்று பெரட்டுக்குக் குரல் வராத பெயர் வெட்டப்படும். மூன்றாவது உட்பிரிவு: மழையால் பாதியில் நின்ற பெரட்டு, நடந்த பெரட்டாகக் கொள்ளப்படாது. இந்த மூன்றாவதை என்னையும், அதைத் தட்டச்சு செய்த புண்ணியவானையும் தவிர வேறு யாரும் படித்ததில்லை.

பெரட்டு என்றால் வேறொன்றுமில்லை. விடியற்காலையில் ஆபீஸ் திடலில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலை என்று பிரித்து அனுப்புவது. பிந்தி வந்தவருக்கு அரைப் பேர், அதாவது பாதி நாள்தான் கணக்கு. எங்கள் தோட்டத்தில் சனிக்கிழமை மட்டும் மாலை நான்கு மணிக்கும் ஒரு பெரட்டு உண்டு. அடுத்த வாரத்து வேலையைச் சொல்வதற்காக ஏதோ ஒரு காலத்துத் துரை வைத்துவிட்டுப் போனது. துரைகள் மாறுவார்கள்; அவர்கள் வைத்துவிட்டுப் போனவை மாறுவதில்லை.

மலேசியாவின் கேமரன் மலையில் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு நான் பெரிய கிராணியாக, அதாவது ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தேன். ஆட்களை மேய்த்துப் பெரட்டு நடத்திய கங்காணியின் பெயரும் பெரட்டுதான். அடையாளக் கார்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். உலகத்து உயிர்களையெல்லாம் பெயர் சொல்லிச் சரிபார்க்கும் பொறுப்பைக் கடவுள் யாரிடமாவது கொடுத்துவிட்டு ஓய்வெடுக்க நினைத்திருந்தால், எங்கள் பெரட்டைத்தான் நியமித்திருப்பார். வேலையும் ஒழுங்காக நடந்திருக்கும். கடவுளாவது சில சமயம் ஆட்களை விட்டுவிடுகிறார்.

குரல் அப்படி. அவர் இங்கே 'முனியம்மா' என்று கூப்பிட்டால் மலைக்கு அந்தப் பக்கம் கியா பார்மில் முட்டைக்கோஸ் அறுத்துக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு முனியம்மா நிமிர்ந்து பார்ப்பாள் என்பார்கள். வேலை முடிந்தாலும் அந்தக் குரல் ஓயாது. நாலு பேர் ஓரிடத்தில் நின்றால் போதும், அவருக்கு வாய் ஊறும். தானா ராத்தாவுக்குப் படம் பார்க்க லோரியில் போனால், இடைவேளை முடிந்ததும் எழுந்து நின்று பெயர் கூப்பிடுவார். படம் காத்திருக்கும். ஒருமுறை கம்போங் ராஜாவுக்குக் கல்யாண கோஷ்டி கிளம்பியபோது, கூச்ச சுபாவமுள்ள மாப்பிள்ளை மெதுவாக முனகினான்.

"மாப்பிள்ள! சத்தம் வரல. ஆளு இருக்கா இல்லியா?"

"இருக்கேன் கங்காணி."

"பொண்ணு வீட்டுக்குக் கேக்கணும்லா! இப்பவே இப்படின்னா நாளைக்கு வீட்ல எப்படிய்யா ஒன் குரல் எடுபடும்?"

எடுபடவில்லை என்றுதான் பின்னாளில் கேள்வி. ஒரு சாவுக்குப் போய்விட்டுத் திரும்புகையில் சுடுகாட்டு வாசலில் நின்று பெயர் கூப்பிட்டார். பழக்க தோஷத்தில் செத்தவர் பெயரும் வந்துவிட்டது. கூட்டம் திரும்பிச் சுடுகாட்டைப் பார்த்தது. அவர் மட்டும் கொஞ்ச நேரம் காத்திருந்து, "சரி, ஆளு இல்ல" என்று முறைப்படி அறிவித்துவிட்டு நடந்தார். அந்த மனிதருக்கு அதைவிடக் கௌரவமான இரங்கலுரை கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

அவருக்கு ஒரே மகள், வசந்தா. தாய் இல்லாத பிள்ளை. பள்ளி விடுமுறையில் கொழுந்து எடுக்க வருவாள். அதனால் அவள் பெயர் வரிசையில் கடைசி. நன்றாகப் படித்தாள். எழுபதுகளின் நடுவில், லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. விண்ணப்பப் பாரங்களை நான்தான் நிரப்பினேன். தோட்டமே தானா ராத்தா பஸ் நிலையத்துக்குத் திரண்டு போனது. பஸ் உறுமிக்கொண்டிருக்க, பெரட்டு ஆரம்பித்துவிட்டார்.

"பெட்டி!"

"இருக்குப்பா."

"கம்பளி!"

"இருக்கு."

"மொளகாத்தூள்!"

"இருக்குப்பா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். வசந்தா!"

அவள் பஸ் படியில் ஏறிவிட்டுத் திரும்பினாள். "இருக்கேன்ப்பா."

"சனிக்கெழம சாயங்காலம் கூப்புடுவேன். எங்க இருந்தாலும் குரல் குடு."

"ஒங்களுக்குக் கேக்காதேப்பா."

"கூப்புடறது என் வேல. குரல் குடுக்கறது ஒன் வேல. கேக்குதா இல்லியாங்கறது மூணாவது விஷயம்."

அடுத்த சனிக்கிழமை எல்லாப் பெயரும் முடிந்த பிறகு, "வசந்தா!" என்றார். மேற்கே மலையைப் பார்த்துக் காதைச் சாய்த்து நின்றார். பிறகு திருப்தியாகத் தலையாட்டிக் கலைத்துவிட்டார். நான் அவரை ஆபீசுக்கு அழைத்து நிலையாணையை வாசித்தேன்.

"கங்காணி, படிக்கப் போன ஆளு பேரு பெரட்டுல இருக்கக் கூடாது."

"அவ வேலைய வுட்டு நிக்கலியே. படிக்கத்தான் போயிருக்கா."

"சம்பளம் யார் குடுக்கறது?"

"சம்பளம் யாரு கேட்டா? பேரு மட்டும் இருக்கட்டும்."

பேருக்கு மட்டும் இருப்பதைத் தடுக்க நிலையாணையில் வழியில்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

வசந்தாவும் அவர் பெற்ற பிள்ளைதான். வாரம் ஒரு நீல நிற விமானக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும். நான்தான் அவருக்குப் படித்துக் காட்டுவேன். நமக்கு மாலை நான்கு என்றால் அவளுக்குக் காலை எட்டரை. விடுதி ஜன்னலைத் திறந்து, 'இருக்கேன்ப்பா' என்று உரக்கச் சொல்கிறாளாம். வார்டன் அம்மாள் அது எங்கள் மதத்து வழிபாடு என்று எண்ணி, சனிக்கிழமை காலையில் அந்தப் பக்கம் யாரும் சத்தம் போடக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டாளாம். பக்கத்து அறை ஐரிஷ் பெண் இரண்டு வாரம் பார்த்துவிட்டு, தானும் ஜன்னலைத் திறந்து அவளுடைய ஊர்ப் பக்கம் பார்த்து ஏதோ கத்துகிறாளாம். இதைக் கேட்டு பெரட்டு, "அந்தப் புள்ளையோட அப்பன் கூப்புட்டானான்னு கேளுங்க. கூப்புடாம குரல் குடுக்கறது முறையில்ல" என்றார்.

கடிதம் வந்தால் ஆள் வந்த கணக்கு. வராவிட்டால் வராத கணக்கு. இது அவராக வகுத்துக்கொண்ட சட்டம். என் நிலையாணையைவிடக் கறாரானது.

இப்படி ஓராண்டு போனது. பிறகு பாரிஸ் வந்தது.

அந்த வாரக் கடிதத்தில் இருந்த செய்தி: வசந்தாவும் விடுதித் தோழிகள் மூன்று பேரும் சேர்ந்து சனி ஞாயிறு இரண்டு நாளைக்குப் பாரிசுக்குப் போகிறார்கள். வயது குறைவு என்பதால் தகப்பனார் சம்மதக் கடிதம் வேண்டும். இதைப் படித்தபோது பெரட்டு ஆபீஸ் வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்துவிட்டார்.

"பாரிசுங்கறது லண்டனுக்குப் பக்கத்து டவுனா கிராணி ஐயா?"

"வேற நாடு. நடுவுல கடல்."

"கடலா! சனி ஞாயித்துக்குக் கடல் தாண்டறாளா? நாம மலையெறங்கித் தாப்பா டவுனுக்குப் போயி வரவே ரெண்டு நாளு வாந்தி எடுக்கறோம்."

"கூட மூணு பொண்ணுங்க இருக்காங்க."

"கங்காணி யாரு?"

"கங்காணி கிடையாது. அவங்களே போறாங்க."

"அப்ப பேரு யாரு கூப்புடுவா?"

"யாரும் கூப்பிட மாட்டாங்க. அதுக்குப் பேருதான் சுற்றுலா."

பெரட்டு திடலைப் பார்த்தார். தோட்டத்துப் பிள்ளை ஒன்று, யாரும் பெயர் கூப்பிடாத இரண்டு நாளைக் கேட்கிறது. அவருக்கு அது புரிந்ததா தெரியவில்லை. "போவட்டும். அப்பன் சரின்னுட்டான்னு எழுதுங்க" என்றார். எழுதி அனுப்பினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முழுத் தகவலையும் கொடுப்பதுதான் கிராணியின் கடமை என்று படித்தவன் நான். "அங்க கடியாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால ஓடும்" என்றும் சொல்லி வைத்தேன்.

இரண்டு நாள் அவர் விரல்விட்டு மணிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வந்தார்.

"ஐயா, அவ பாரிசுக் கடியாரத்துல எட்டரை பாத்துக் குரல் குடுத்தா, நமக்கு அப்ப மூணு மணி. லண்டன் கடியாரத்துல எட்டரை பாத்துக் குடுத்தா நமக்கு நாலு மணி. எதப் பாப்பா?"

"எழுதிக் கேக்க நேரமில்ல கங்காணி."

"அப்ப ரெண்டுக்கும் நிப்போம்."

அந்தச் சனிக்கிழமை எங்கள் தோட்டத்தில் இரண்டு மாலைப் பெரட்டு நடந்தது. மூன்று மணிக்குக் கொழுந்துக் கூடையோடு ஆட்களை மலையிலிருந்து இறக்கி, பெயர் கூப்பிட்டு, கடைசியில் மகளைக் கூப்பிட்டுக் காத்திருந்து, தேநீர் குடிக்க அனுப்பினார். நான்கு மணிக்கு மறுபடியும் வரிசை. மாரியாயி என்றொரு பெண் இருந்தாள். தோட்டத்தின் மொத்த வாயும் அவளிடம்தான் இருந்தது.

"எதுக்கு அண்ணே ரெண்டாந்தரம்? மூணு மணிக்குக் குடுத்த அதே வாய்தானே? மாத்தியா வச்சிருக்கேன்?"

"சொன்னா சொல்லு. மாரியாயி!"

"இருக்கேன். ரெண்டு பெரட்டுக்குக் குரல் குடுத்தா ரெண்டு பேரு போடணும்லா. சட்டம் தெரியாதவன்னு நெனச்சீங்களா?"

"பேரு போடறது கிராணியப் போயிக் கேளு."

"மக பாரிசுல பசியாறப் போயிருக்கா, நாங்க இங்க குளுருல நிக்கறோம்!"

திடல் சிரித்தது. இதற்குள் துரையின் ஜீப் வந்து நின்றது. மலைக்குப் புதிது; இளம் துரை.

"கிராணி, ஏன் ரெண்டு பெரட்டு?"

"பாரிசுல மணி வேற, துரை."

துரை என்னைப் பார்த்தார், திடலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மேலதிகாரிக்கு உண்மையை முழுமையாகச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு கேள்வி வராது என்பது என் அனுபவம்.

எந்த மணிக்குக் குரல் கொடுத்தாய், மூன்றா நான்கா என்று கேட்டு அன்றைக்கே பெரட்டு சொல்ல, மகளுக்கு நான் எழுதினேன். அந்த வெள்ளிக்கிழமை வசந்தாவின் கடிதம் வரவில்லை. பாரிசில் தபால்பெட்டி தேடியிருக்க மாட்டாள் என்றேன். சனிக்கிழமை கூப்பிட்டார், மலையைப் பார்த்தார், கலைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை. தபால்காரரின் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் வராந்தாவுக்கு வருவார். எனக்கு வந்த அரசாங்க உறைகளையெல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். தோட்டத்தில் யாரும் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. அதுதான் மோசமான அறிகுறி.

மூன்றாவது வெள்ளிக்கிழமையும் தபால்காரர் வெறும் கையோடு போனார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் பெயர் வெட்டுவது பேனாவால் நடக்கும் காரியம் அல்ல. கங்காணி திடலில் நின்று அந்தப் பெயரை மூன்று தரம் கூப்பிட வேண்டும். குரல் வராவிட்டால், 'பேரு வெட்டியாச்சு' என்று உரக்கச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் கூப்பிடமாட்டார்கள். பெரட்டு தன் சொந்தத் தம்பிக்கே இதைச் செய்தவர். சட்டம் என்றால் சட்டம். மூன்று கடிதம் வராத பெயர், மூன்று பெரட்டுக்கு வராத பெயர். அந்தச் சனிக்கிழமை அவர் மகள் பெயரை அவரே வெட்ட வேண்டும். திடலில் நின்ற ஒவ்வொருவருக்கும் அது தெரியும்.

நான்கு மணி. மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. பெரட்டு வழக்கம்போல் முதல் பெயரிலிருந்து ஆரம்பித்தார். குரலில் ஒரு குறையும் இல்லை. வரிசையாக வந்தார். கடைசிக்கு முந்தின பெயர் மாரியாயி.

"மாரியாயி!"

"இருக்கேன்."

அடுத்தது வசந்தா. பெரட்டு வாயைத் திறந்தார். மூடினார். பிறகு மறுபடியும் முதல் பெயரைக் கூப்பிட்டார்.

முதல் ஆள் திகைத்துப்போய், "இருக்கேன்" என்றான். இரண்டாவது ஆளும் சொன்னான். மறுபடியும் வரிசை முழுக்க வந்து மாரியாயியிடம் நின்றது. இன்றைக்கு இவள் விடமாட்டாள் என்று நினைத்தேன். கூடையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "இருக்கேன் அண்ணே" என்றாள். அண்ணே சேர்த்துச் சொன்னாள். பெரட்டு மூன்றாம் முறையும் முதல் பெயருக்குப் போனார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கூப்பிடக் கூப்பிட, நிதானமாக, ஏதோ கோயிலில் சுற்று வருவதுபோல் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அவர் மகள் பெயருக்கு வந்துசேராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக அந்தத் திடல் விடிய விடியவும் 'இருக்கேன்' என்று சொல்லத் தயாராக இருந்தது.

நான் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது உட்பிரிவு நினைவுக்கு வந்தது. வெளியே போய், அன்றாட வேலை எழுதும் கரும்பலகையில் 'மழை' என்று எழுதி, மணியை அடித்தேன்.

"மழையால் பெரட்டு நிறுத்தம். எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

பெரட்டு என்னிடம் வந்தார். தலைப்பாகையில் பனி முத்து முத்தாக நின்றது.

"மழையா? இது பனி ஐயா."

"ஆபீஸ் பலகைல மழைன்னு இருக்கு."

"கையில ஒரு சொட்டு விழலியே."

"பாதியில் நின்ற பெரட்டு, நடந்த பெரட்டு இல்ல. அதனால இன்னைக்கு வராத ஆளுன்னு யாரும் இல்ல. நீங்க போய்ப் படுங்க கங்காணி."

பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டுக்கு நடந்தார்.

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தோட்டத்தில் பாதிப் பேருக்கு ஆபீஸ் வராந்தா அருகில் திடீரென்று வேலை இருந்தது. நான் படித்தேன். கப்பலில் போனது, மாடிப்படி அதிகமுள்ள மலிவான ஓட்டல், ரோத்தான் பிரம்பு நீளத்துக்கு ரொட்டி, எல்லாம் இருந்தது. சனிக்கிழமை காலையில் ஆற்றுப் பாலத்தின்மேல் நான்கு பேரும் நின்றார்களாம். நம் ஊர்ச் சீனர் கடையில் மணலில் புரட்டி வறுக்கும் கொட்டைபோல் அங்கேயும் சுடச்சுட வறுத்து விற்கிறார்களாம். வாங்கித் தின்றுகொண்டு, ஐரிஷ்காரி சொன்ன எதற்கோ வயிறு வலிக்கச் சிரித்து, பிறகு மணி பார்த்தபோது பதினொன்று தாண்டிவிட்டதாம்.

'மூன்றும் இல்லை, நான்கும் இல்லை அப்பா. நான் மறந்துவிட்டேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் இருந்தால் பெயர் வெட்டிவிடுவீர்கள் என்று பயம், எழுதினால் மறந்தது தெரிந்துவிடும் என்று பயம். அதற்குப் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் இரண்டு தரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.'

எல்லாரும் பெரட்டைப் பார்த்தார்கள். மாரியாயிகூட.

"மறந்துட்டேன்னு எழுதியிருக்காளா?"

"ஆமா கங்காணி."

"இன்னொரு தரம் படிங்க."

படித்தேன். பெரட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "அந்தக் கொட்ட நல்லாருந்துச்சாமா?"

"அது எழுதல."

"கேட்டு எழுதுங்க." சிறிது யோசித்து, "நல்லாத்தான் இருந்திருக்கும். அப்பன் ஞாபகமே வராத அளவுக்கு இருந்திருக்குல்ல" என்றார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது இல்லை. ஏதோ பரிசு வாங்கியவர்போல் இருந்தது. "அன்னைக்கு ஒரு நாள் அவளுக்கு லீவுன்னு வச்சுக்குவோம்."

"முன்கூட்டிக் கேக்காத லீவு செல்லாது கங்காணி."

"நீங்க பனிய மழைங்கறீங்க. நான் மறதிய லீவுங்கறேன். சரியாப் போச்சு."

முப்பது வருட உத்தியோகத்தில் எனக்கு வாதத்தில் தோல்வி அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகும் சனிக்கிழமைதோறும் அவள் பெயரைக் கூப்பிட்டார். ஒரே வித்தியாசம், பதிலுக்காகக் காதைச் சாய்த்து நிற்பதை விட்டுவிட்டார். கடிதத்துக்கும் வெள்ளிக்கிழமைக்கும் இருந்த சம்பந்தத்தை அவரே ரத்து செய்தார். 'வசந்தா' என்று கூப்பிட்டுவிட்டு, உடனே குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பார். கேட்டால், "எங்கயாவது பாலத்து மேல நின்னு சிரிச்சுக்கிட்டிருப்பா. தொந்தரவு பண்ணக் கூடாது" என்பார். அவள் படித்து முடித்து அங்கேயே வேலையில் சேர்ந்தாள். வாரக் கடிதம் மாதக் கடிதமாகி, மாதக் கடிதம் தீபாவளி வாழ்த்தாகியது. பெயர் மட்டும் வரிசையின் கடைசியிலேயே இருந்தது. துரைகள் இரண்டு பேர் மாறினார்கள். புதிதாக வந்த ஒவ்வொருவரும், வசந்தா யார் என்று கேட்டார்கள். லீவில் இருக்கிறாள் என்று பதில் சொன்னேன்.

சித்திரை வருடப்பிறப்புக்கு முந்தின நாள். நல்ல வெயில். பெரட்டு ஆரம்பித்த பிறகு ஆபீஸ் பின்பக்கம் ஒரு டாக்சி வந்து நின்றது. கோட்டுப் போட்ட ஒரு பெண் இறங்கினாள். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் நடந்துபோய், வரிசைக் கடைசியில் மாரியாயிக்குப் பின்னால் நின்றாள். மாரியாயி திரும்பிப் பார்த்தாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதை அன்றுதான் கண்டேன்.

"வசந்தா!" என்று கூப்பிட்டுவிட்டு, பெரட்டு குடையை எடுக்கக் குனிந்தார்.

"இருக்கேன்ப்பா."

குனிந்தவர் நிமிரவில்லை. பிறகு திரும்பாமலே, மூன்று மலை தாண்டும் அந்தக் குரல், பத்தடி தாண்டாமல் சொன்னது:

"லேட்டு. அரைப் பேருதான் போடுவேன்."

நான் சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய், கொளுத்துகிற வெயிலில், பலகையில் 'மழை' என்று எழுதினேன். நடக்காத பெரட்டுக்கு யாரும் லேட்டில்லை. வழக்கப்படி கீழே தேதியும் போட்டேன்: 1985 ஏப்ரல் பதின்மூன்று, சனிக்கிழமை.